மைந்தருக்கு எழுதியதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற தாய்

பிள்ளை ஒன்று தான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்கும்போது, கோயிலில் வரமாகக் கிடைத்தாய் என்றோ வைத்தியசாலையில் வாங்கி வந்தோம் என்றோ கூறி அப்பேச்சை முடித்துவிடுவது நம்மவர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். அதே பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டும்போது கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறது. விடை கிடைத்துவிட்டது என்பதனாலல்ல. இக்கேள்விகளைக் கேட்பதற்குரிய இடம் வீடு அல்ல என்பதை அது அறிந்துகொண்டுவிட்டது என்பதனாலேயே. பெண்பிள்ளை பருவமடைந்ததும் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சிட்டு, வீடியோ பிடித்து ஊரறிய விழா எடுக்கும் நாம், அப்பிள்ளையின் உடலில் நிகழ்ந்தது யாது என்பதை அதற்கு எடுத்துரைக்கப் பத்து நிமிடங்களை ஒதுக்குவதில்லை. ஆண்பிள்ளைக்கோ அந்த விழாவும் இல்லை. அவன் ஒழுங்கை முனையில் நண்பர்களிடமிருந்து அறிந்துகொள்கிறான். இன்று கைத்தொலைபேசியிலிருந்து அறிந்துகொள்கிறான்.

இம்மௌனம் தமிழருக்கு மாத்திரம் உரிய ஒன்றன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இன்று எதையும் வெளிப்படையாகப் பேசும் நாடு என நாம் கருதும் ஐக்கிய அமெரிக்காவிலும் இதே மௌனம் நிலவியது. அங்கு அம்மௌனத்தைக் காப்பதற்கென ஒரு சட்டமும் இருந்தது. தம்முடைய இரு மைந்தருக்கும் மனித உடலையும் காதலையும் பற்றி உண்மையை எழுதிக் கொடுத்த ஒரு தாய், அவ்வெழுத்தைப் பிறர் பிள்ளைகளுக்கும் அனுப்பியமைக்காகத் தமது 57ஆவது வயதில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். அவருடைய பெயர் மேரி வெயர் டெனெற் என்பதாகும். அமெரிக்கப் பெண்கள் இயக்க வரலாற்றிலும் தணிக்கைக்கு எதிரான போராட்ட வரலாற்றிலும் அவர் பெயர் நன்கு பதிவாகியுள்ளதாயினும், நம் பக்கத்தில் அவரை அறிந்தோர் சிலரே.

மேரி கொபின் வெயர் 1872ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் பிறந்தார். பத்து வயதிலேயே தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதன்பின் குடும்பம் பொஸ்ரன் நகருக்கு இடம்பெயர்ந்தது. தாயார் இளம் பெண்களை ஐரோப்பியச் சுற்றுலாக்களுக்கு அழைத்துச் சென்று பிழைப்பு நடத்த, பிள்ளைகள் சிறிய தாயாரான லூசியா ஏம்ஸ் மீட் என்பவரின் பராமரிப்பில் வளர்ந்தனர். சமாதானத்துக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்த பெண்மணி அவர். தாம் சரியெனக் கருதியதைச் சபையில் எழுந்து கூறும் துணிவு மேரிக்கு அந்த வீட்டிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

எனினும், இளமையில் அவர் நாடியது அரசியலை அன்று, கலையை. பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்தின் கலைப் பாடசாலையில் பயின்று, 1894 முதல் 1897 வரை பிலடெல்பியாவின் ட்ரெக்செல் நிறுவகத்தில் வடிவமைப்புக் கற்பித்தார். சகோதரியுடன் ஐரோப்பா சென்று, பொன் முலாமிட்ட தோலால் சுவர் அலங்காரம் செய்யும் பழைய கைவினையைக் கற்றுத் திரும்பினார். கையால் செய்யப்படும் பொருள் நேர்மையானதாக இருத்தல் வேண்டும் என்ற அக்காலக் கைவினை இயக்கத்தின் நம்பிக்கை அவரிடம் ஆழப் பதிந்திருந்தது. 1900ஆம் ஆண்டில் வில்லியம் ஹாட்லி டெனெற் என்ற கட்டடக் கலைஞரை மணந்தார். இருவரும் ஒத்த இரசனை உடையவர்கள். வீட்டைத் தாமே வடிவமைத்து அலங்கரித்து இணைந்து தொழில் புரிந்தனர்.

இங்கு சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. அம்மையார் பிறந்து ஓராண்டின் பின்னர், 1873இல், அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அந்தனி கொம்ஸ்ரொக் என்ற ஒழுக்கக் காவலர் ஒருவரின் விடாமுயற்சியினால் வந்தமையால் அது அவருடைய பெயராலேயே வழங்கலாயிற்று. ஆபாசமானவை என்று கருதப்படும் எவற்றையும் தபாலில் அனுப்புவதை அது குற்றமாக்கியது. கருத்தடை தொடர்பான பொருள்களையும் தகவல்களையும் அதே பட்டியலில் சேர்த்தது. மீறுவோருக்குச் சிறைத்தண்டனையும் 5,000 டொலர் வரை தண்டப்பணமும் விதிக்க அது இடமளித்தது. ஆபாசம் என்றால் என்ன என்பதற்கோ சட்டத்தில் தெளிவான வரைவிலக்கணம் இருக்கவில்லை. 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பையே அமெரிக்க நீதிமன்றங்களும் அளவுகோலாகக் கொண்டன. எளிதில் கெடக்கூடிய மனத்தவரின் கையில் ஒரு நூல் கிடைத்தால் அவரைக் கெடுக்கும் போக்கு அந்நூலுக்கு உண்டா என்பதே அந்த அளவுகோல். அதாவது, நாட்டில் உள்ள மிகப் பலவீனமான மனத்துக்கு எது பொருந்துமோ அதை மட்டுமே ஏனைய அனைவரும் வாசிக்கலாம் என்றாயிற்று.

அச்சட்டத்தின் விளைவை அம்மையார் முதலில் அனுபவித்தது தமது உடலிலேயாகும். 1900இன் இறுதியில் மூத்த மகன் கார்ல்டன் பிறந்தான். அது மிகக் கடினமான பிரசவம். 1903இல் பிறந்த இரண்டாவது குழந்தை சில வாரங்களில் இறந்துபோயிற்று. 1905இல் டெவன் பிறந்தபோது தாயின் உடல் பெரிதும் சிதைந்து, பின்னர் சத்திரசிகிச்சை செய்யவேண்டி ஏற்பட்டது. இனிமேல் பிள்ளை பெறுவது உயிருக்கு ஆபத்து என வைத்தியர்கள் எச்சரித்தனர். ஆனால் பிள்ளை பெறாமலிருப்பதற்கு வழி என்ன என்பதை எவரும் கூறவில்லை. படித்த கணவனும் படித்த மனைவியும் தமது உடல்களைப் பற்றி எதுவும் அறியாதவர்களாக இருந்தனர். அவ்வறியாமை குறித்து அம்மையார் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிப் பேசியிருக்கிறார்.

இந்நிலையில் கணவரின் மனம் வேறொரு பெண்ணை நாடியது. அவர் கட்டடப் பணி செய்து கொடுத்த ஒரு வைத்தியரின் மனைவியே அப்பெண். 1909இல் அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். பிள்ளைகளுக்கான உரிமை நீதிமன்றம் வரை சென்றது. பத்திரிகைகள் அக்குடும்பத்தின் அந்தரங்கத்தை நாள்தோறும் பக்கம் பக்கமாகப் பரப்பின. 1913இல் விவாகரத்துக் கிடைத்தது. மைந்தர் இருவரும் தாயின் பொறுப்பில் விடப்பட்டனர். தாங்கொணாத அவமானத்தை மௌனமாகத் தாங்கிக்கொண்ட அம்மையார், பிழைப்புக்காகப் பொது வாழ்வில் இறங்கினார். மசசூசெற்ஸ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் பணியாற்றிய அவர், 1910இல் தேசிய வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர்களுள் ஒருவராக நியூயோர்க் சென்றார். அவ்வமைப்பிலிருந்து 1914இல் விலகி, மறு ஆண்டு நண்பர்கள் சிலருடன் சேர்ந்து தேசிய பிறப்புக் கட்டுப்பாட்டுக் கழகத்தை நிறுவினார்.

அந்த 1915ஆம் ஆண்டே அவருடைய வாழ்வின் திருப்புமுனையாகும். மூத்தவனுக்கு அப்போது 14 வயது. இளையவனுக்கு 10 வயது. மூத்தவனின் கேள்விகள் இனிமேலும் ஒத்திவைக்கக் கூடியனவாக இருக்கவில்லை. தந்தை வீட்டில் இல்லை. பொறுப்பான எந்தத் தாயும் செய்வதைப் போலவே அவரும் முதலில் புத்தகம் தேடினார். இளைஞருக்கென எழுதப்பட்ட டசின் கணக்கான நூல்களைச் சேகரித்து வாசித்தார். பிள்ளைகளின் கையில் தயக்கமின்றிக் கொடுக்கக்கூடியது அவற்றுள் ஒன்றேனும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அந்நூல்களில் அவர் கண்ட குறைகள் யாவை என்பது இன்றும் நாம் கவனிக்கவேண்டிய விடயமாகும். சில நூல்கள் பூக்களின் மகரந்தத்தையும் பறவைகளின் கூட்டையும் விரிவாக விளக்கிவிட்டு, மனிதனிடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டன. சில நூல்கள் நோய்களைக் கூறி அச்சுறுத்தின. வேறு சில, பாலுணர்வு என்பது மனிதனிடம் எஞ்சியிருக்கும் மிருக இயல்பு என்றும், இனப்பெருக்கத்துக்காகச் சகித்துக்கொள்ள வேண்டியது என்றும் போதித்தன. காதல் என்ற ஒன்று, மகிழ்ச்சி என்ற ஒன்று இவ்விடயத்தில் உண்டு என்பதை எந்த நூலும் கூறவில்லை. ஒருபுறம் திருமணம் புனிதமானது என்கிறோம். மறுபுறம் அதன் உள்ளடக்கம் அசிங்கமானது என்ற எண்ணத்தை ஊட்டுகிறோம். இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை எவ்வாறு வளரும் என்பதே அம்மையாரின் கேள்வியாக இருந்தது.

ஆகவே அவர் தாமே எழுத அமர்ந்தார். உடலியல், இயற்கை விஞ்ஞானம், ஒழுக்கம், உணர்வு ஆகிய நான்கு நோக்குகளில் விடயத்தை அணுகினார். உடலுறுப்புகளை அவற்றின் சரியான பெயர்களாலேயே குறிப்பிட்டு, படங்களும் வரைந்து சேர்த்தார். பருவ வயதில் உடலில் நிகழும் மாற்றங்களை, அவை யாவும் இயல்பானவை என்ற தொனியில் விளக்கினார். சுய இன்பம் பைத்தியத்தில் கொண்டுபோய் விடும் என்று அக்காலப் புத்தகங்கள் மிரட்டிக்கொண்டிருந்தன. அம்மையாரோ, அதனால் விளையும் கேட்டைவிட அது பாவம் என எண்ணி ஒளிந்து வருந்துவதால் விளையும் கேடே பெரிது என விஞ்ஞானிகள் பலர் கருதத் தொடங்கியிருப்பதை எடுத்துக்காட்டினார். அதே வேளை மட்டுப்பாடு வேண்டும் என்பதையும் கூறினார். பால்வினை நோய்களை மறைக்கவில்லை. ஆனால் அவை தெய்வ தண்டனைகள் அல்ல, மருத்துவம் வென்றுகொண்டிருக்கும் நோய்கள் என எழுதினார். விபசாரத்தைக் குறித்துப் பேசும்போது, அங்கு காதல் இல்லை என்பதையே அதன் பெருங்குறையாகச் சுட்டினார். இளம் வயதில் அவசரப்படாது, உடலும் உள்ளமும் முதிர்ச்சியடையும் வரை காத்திருத்தல் நன்று என்பதையும் அச்சுறுத்தலின்றி, காரணம் காட்டி விளக்கினார்.

நம்மை வியக்க வைப்பது வேறொன்று. காதலித்து மணந்த கணவனால் கைவிடப்பட்டு, அக்கதை சந்தி சிரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்து இரண்டே ஆண்டுகள் சென்றிருந்த வேளையில் அவர் இதனை எழுதினார். ஆண்களை நம்பாதே, காதலை நம்பாதே என எழுதியிருந்தாலும் எவரும் அவரைக் குறை கூறியிருக்க முடியாது. அவ்வாறு எழுதாது, காதல் என்பது மனிதருக்குக் கிடைக்கக்கூடிய பேறுகளுள் மிகப் பெரியது என்றும், உடல் அதன் பகையன்று, அதன் மொழி என்றும் தம் பிள்ளைகளுக்கு அவர் கூறினார். தமக்கு நேர்ந்த கசப்பைப் பிள்ளைகளின் எதிர்காலத்தின் மீது ஊற்றாத அந்தக் கட்டுப்பாடே, வேறெந்தத் துணிவையும்விட அரியது என நாம் கருதுகிறோம். பிள்ளைகளுடன் இவ்விடயம் பேசுவதற்கு நம்மிற் பலர் அஞ்சுவதற்குக் காரணம் அறிவுக் குறைபாடு மட்டுமன்று. நமது சொந்த வாழ்வில் ஆறாதிருக்கும் புண்களும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

எழுதியதைப் பிள்ளைகள் வாசித்தனர். பின்னர் நண்பர்கள் தத்தமது பிள்ளைகளுக்கெனக் கேட்டு வாங்கினர். கையெழுத்துப் பிரதி கைமாறிக் கைமாறி நைந்துபோயிற்று. இறுதியில் அது விக்ரர் றொபின்சன் என்ற வைத்திய ஏட்டின் ஆசிரியரை எட்டியது. அவர் அதனை 1918இல் தமது ஏட்டில், தமது பாராட்டுரையுடன் வெளியிட்டார். தனிப் பிரதிகள் வேண்டிப் பலரும் கேட்கவே, 1919இல் அம்மையார் தாமே அதனைச் சிறு பிரசுரமாக அச்சிட்டார். வாழ்வின் பாலியல் பக்கம் என்பது அதன் தலைப்பின் பொருள். விலை 25 சதம். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தினர் வாங்கினர். தேவாலயங்களின் இளைஞர் அமைப்புகள் வாங்கின. பாடசாலைகளும் சுகாதாரத் திணைக்களங்களும் வாங்கின. மத நிறுவனங்கள் இதனை எதிர்த்தன என்று நாம் எளிதாக எண்ணிவிடுவோம். உண்மையில் அப்பிரசுரத்தைப் பரப்பியவர்களுள் சமய ஊழியர்கள் கணிசமானோர் இருந்தனர்.

இதே காலத்தில் அம்மையார் கருத்தடைத் தகவல்களைக் கொம்ஸ்ரொக் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்குமாறு கோரி வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர்களின் அறைக்கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். இவ்விடயத்தில் புகழ்பெற்ற மார்கிரட் சாங்கருக்கும் அவருக்கும் ஆழ்ந்த கருத்து வேறுபாடு நிலவியது. வைத்தியர்கள் மூலம் மட்டும் அத்தகவல் வழங்கப்படலாம் என்ற அளவிலாவது சட்டம் தளர்ந்தால் போதும் என்றார் சாங்கர். அறிவு என்பது வைத்தியரின் அனுமதிச் சீட்டின் பேரில் வழங்கப்படும் மருந்தன்று, அது யாவர்க்கும் உரியது என்றார் டெனெற் அம்மையார். வரலாறு சாங்கரின் பெயரையே பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. கொள்கையில் எவர் உறுதியாக நின்றவர் என்று கேட்டால், எமது வாக்கு டெனெற் அம்மையாருக்கே.

1922இல் தபால் திணைக்களம் அப்பிரசுரத்தை ஆபாசமானது எனத் தடைசெய்தது. எந்தப் பக்கத்தில், எந்த வசனம் ஆபாசமானது என அம்மையார் எழுதிக் கேட்டார். தெளிவான விடை எதுவும் வரவில்லை. சட்டத்தை மாற்றக் கோரி அவர் தபால் துறைத் தலைவர்களை நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆதலால் இத்தடை பழிவாங்கலே என அவர் நம்பியதில் வியப்பில்லை. தடைக்குப் பின்னரும் பிரசுரத்தை வேண்டிக் கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. அம்மையாரும் மூடிய உறைகளில் முதல் வகுப்புத் தபாலில் தொடர்ந்து அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

பின்னர், வேர்ஜீனியா மாநிலத்தின் குறொற்றொஸ் என்ற சிற்றூரிலிருந்து கார்ல் ஏ. மைல்ஸ் என்பவரின் மனைவியின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. பிரசுரத்தின் பிரதியொன்றை அனுப்பிவைக்குமாறு அக்கடிதம் கேட்டது. வழமை போல அம்மையார் அனுப்பிவைத்தார். அப்படி ஒரு பெண்மணி உலகில் இருக்கவேயில்லை. தபால் திணைக்களப் பரிசோதகர் ஒருவர் விரித்த வலை அது. ஒரு தாயைப் பிடிப்பதற்கு, இல்லாத ஒரு தாயை அரசாங்கம் உருவாக்க வேண்டியிருந்தது.

1929 ஏப்ரலில் நியூயோர்க் புறூக்ளின் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அமெரிக்கக் குடியியல் சுதந்திரச் சங்கத்தின் ஆதரவுடன் மொறிஸ் ஏர்ன்ஸ்ற் என்ற சட்டத்தரணி அம்மையாருக்காக ஆஜரானார். பிரசுரத்தைப் பயன்படுத்திய கல்வியாளர்களையும் வைத்தியர்களையும் சமய ஊழியர்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற அவர் முயன்றார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எழுதியவரின் நோக்கமும் வாசித்தோரின் அனுபவமும் பொருட்படுத்தத் தக்கனவல்ல, பிரசுரத்தின் சொற்கள் மாத்திரமே தீர்ப்புக்குரியன என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஜூரர்கள் அனைவரும் ஆண்கள். பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த குடும்பத் தலைவர்கள். அச்சமூட்டாத எழுத்து இளைஞரை நெறிபிறழச் செய்யும் என்பதே வழக்குத்தொடுநரின் வாதத்தின் சாரம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆலோசனையின் பின் ஜூரர்கள் அம்மையாரைக் குற்றவாளி எனக் கண்டனர்.

தண்டப்பணம் 300 டொலர் என நிர்ணயிக்கப்பட்டது. அம்மையார் வசதி படைத்தவரல்லராயினும், அத்தொகையைச் செலுத்த முன்வந்த நண்பர்கள் பலர் இருந்தனர். ஒரு சதமேனும் செலுத்தப்போவதில்லை என்றும், வேண்டுமாயின் சிறை செல்வதாகவும் அவர் அறிவித்தார். இச்செய்தி நாடெங்கும் பரவியது. நரைத்த தலையும் அமைதியான முகமும் கொண்ட பாட்டியொருவர் ஆபாசக் குற்றவாளியாகச் சிறைக்குச் செல்லவிருக்கிறார் என்பதை வாசகர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பத்திரிகைகள் கண்டித்து எழுதின. தத்துவ அறிஞர் ஜோன் டூயி போன்றோர் ஆதரவுக் குழுவில் இணைந்தனர். தடைசெய்யப்பட்ட பிரசுரத்துக்கு முன்னெப்போதும் இல்லாத கேள்வி ஏற்பட்டது. தணிக்கையாளர்கள் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் அறிந்துகொள்ளாத பாடம் இதுவாகும்.

1930 மார்ச் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை இரத்துச் செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஓகஸ்ரஸ் ஹாண்ட். அவருடைய தர்க்கம் எளிமையானது. பாலியல் பற்றிய எவ்வகை அறிவூட்டலும் ஓரளவு உணர்ச்சியைத் தூண்டவே கூடும். அதற்காக அறிவூட்டலையே நிறுத்திவிட முடியாது. இளைஞரை மர்மத்துக்கும் நோய்க்குறியான ஆவலுக்கும் இரையாக விடுவதைவிட, சரியான தகவலை நாகரிகமான முறையில் வழங்குவதே நன்மை பயக்கும். பிரசுரத்தை முழுமையாக நோக்குமிடத்து அதன் தொனி கண்ணியமானது. ஆகவே அது ஆபாசமாகாது. 1868ஆம் ஆண்டின் ஆங்கில அளவுகோல் அமெரிக்க மண்ணில் ஆட்டங்காணத் தொடங்கியது இத்தீர்ப்புடன்தான் என்பர் சட்ட வரலாற்றாளர். ஜேம்ஸ் ஜொய்சின் யுலிசிஸ் நாவல் தொடர்பான வழக்கில் வாதாடியவரும் இதே ஏர்ன்ஸ்ற். 1934இல் அவ்வழக்கின் மேன்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவரும் இதே ஹாண்ட். இலக்கிய உலகம் கொண்டாடும் அவ்வெற்றிக்கு, ஒரு தாய் தம் மைந்தருக்கு எழுதிய சிறு பிரசுரம் பாதை திறந்து வைத்தது என்பது பலரும் அறியாத செய்தி.

நம் நாட்டிலோ, அவ்வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்திருந்தது. அதில் ஆபாசம் என்னும் சொல் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட வேண்டும் என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

வழக்கில் வென்ற அம்மையார் தமது அனுபவத்தை 1930இல் நூலாக்கினார். எவர் ஆபாசமானவர் என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக வைத்தார். மறு ஆண்டு, 1931இல், பிள்ளைகளின் பாலியல் கல்வி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். கவனிக்கத்தக்க விடயம் யாதெனில், இந்நூல் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதன்று, பெற்றோருக்காக எழுதப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் மைந்தருக்கு எழுதிய பிரசுரத்திலும் மூத்தோருக்கான முன்னுரை ஒன்றை அவர் சேர்த்திருந்தார். இக்கல்வி முதலில் தேவைப்படுவது பிள்ளைகளுக்கன்று என்ற முடிவுக்கு அவருடைய அனுபவம் அவரைக் கொண்டுவந்திருந்தது. இதில் மாற்றுக் கருத்துக் கொள்ள நமக்கு இடமில்லை. பிள்ளை கேட்கத் தயாராகவே இருக்கிறது. கூறவேண்டிய சொல் நம்மிடம் இல்லை. இருந்தாலும் தொண்டையில் நிற்கிறது. தமிழில் உடலுறுப்புகளுக்கு உள்ள சொற்களில் ஒரு பாதி வசைச் சொற்கள், மறுபாதி வைத்திய நூற்சொற்கள். தாயும் மகளும், தந்தையும் மகனும் சாதாரணமாகப் பேசக்கூடிய நடுத்தரச் சொற்களை நாம் உருவாக்கிக்கொள்ளவேயில்லை. ஆசிரியர்கள் சுகாதாரப் பாடத்தின் இந்த அத்தியாயத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் எனக் கூறிக் கடந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

டெனெற் அம்மையாரின் பிரசுரத்தை இன்று வாசிப்பவர் அதில் குறைகளைக் காண்பார். மருத்துவச் செய்திகள் பழையன. ஆண் பெண் உறவையன்றி வேறெதனையும் அது கருதவில்லை. பெரியவர்களாலேயே பிள்ளைகளுக்கு நேரக்கூடிய துன்புறுத்தலைப் பற்றியும், வேண்டாம் என மறுக்கும் உரிமையைப் பற்றியும் இன்றைய பெற்றோர் விரிவாகப் பேசவேண்டியவர்களாக உள்ளனர். கைத்தொலைபேசியின் வழியே பதினொரு வயதுப் பிள்ளையைத் தேடி வரும் காட்சிகளை 1915இல் எவரும் கனவிலும் கண்டிருக்க முடியாது. எனினும் அப்பிரசுரத்தின் குரல் பழையதாகிவிடவில்லை. கட்டளையிடாமலும் கெஞ்சாமலும், தாம் அறிந்ததை அறிந்தபடியும் விஞ்ஞானம் இன்னும் அறியாததை அறியாததாகவும் கூறி, பிள்ளையைச் சிந்திக்கத் தெரிந்த மனிதனாக மதித்துப் பேசும் குரல் அது.

பிற்காலத்தில் அம்மையார் பொது மேடைகளிலிருந்து மெல்ல ஒதுங்கினார். அவருடைய பாதுகாப்புக்கெனத் திரட்டப்பட்ட நிதியின் மீதி, தணிக்கைக்கு எதிரான தேசிய அமைப்பொன்றை உருவாக்கப் பயன்பட்டது. முதலாம் உலகப் போரை எதிர்த்து நின்ற அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலகக் கூட்டாட்சியை வேண்டிய ஓர் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். இடையில் 1936இல், கருத்தடைச் சாதனங்களை வைத்தியர்கள் தருவித்துக்கொள்வதற்கு இடமளிக்கும் தீர்ப்பு வெளிவந்தது. அதனை எழுதியவரும் நீதியரசர் ஹாண்ட்தான். ஆயினும் அது வைத்தியர்களுக்கு மட்டும் என்ற சாங்கரின் வழியில் கிடைத்த வெற்றி. டெனெற் அம்மையார் கோரியவாறு, கருத்தடை பற்றிய சொற்கள் கொம்ஸ்ரொக் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1971ஆம் ஆண்டிலேயாகும்.

அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1947 ஜூலை 25ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் வலேஷி என்ற சிற்றூரில் உள்ள முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில், தமது 75ஆவது வயதில் அவர் காலமானார். அந்த 300 டொலர் தண்டப்பணம் கடைசிவரை செலுத்தப்படவில்லை. பிரசுரம் தொடர்பாக அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமான கடிதங்கள், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் வரலாற்று நூலகத்தில் அவருடைய ஏனைய ஆவணங்களுடன் பெட்டி பெட்டியாகப் பேணப்பட்டு வருகின்றன.